நன்றாக இருப்பவரின் ரத்தத்தில் ஒரு எம் ஸ்பைக்

2016 நவம்பரில் ஐஸ்லாந்து ஒரு பெரிய வேலையில் இறங்கியது. 1975ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ பிறந்த எல்லோருக்கும், அதாவது நாட்டில் நாற்பதைத் தாண்டிய அத்தனை பேருக்கும், அழைப்பு போனது. உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்கள்தான் பெரும்பாலோர். அவர்களிடம் கேட்டது இவ்வளவுதான்: உங்கள் ரத்தத்தில் எம் புரதம், அதாவது மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு முன்னால் தோன்றும் புரதம், இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாமா? 1,48,708 பேரைக் கேட்டதில் 80,759 பேர் சம்மதித்தார்கள். பாதிக்கு மேல். 75,422 பேரின் ரத்தம் சோதனைக்கு வந்து சேர்ந்தது. மொத்த மக்கள்தொகையே மூன்று லட்சத்து முப்பதாயிரம் சொச்சம் உள்ள நாட்டில் இது சாதாரணக் கூட்டம் இல்லை. முன்னாள் அதிபர் விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர் ஆய்வுக்குப் புரவலராக முன்னால் நின்றதும் இதற்குக் கைகொடுத்தது.

ஐஸ்டாப்எம்எம் என்று பெயரிட்ட இந்த ஆய்வை நடத்துபவர் ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் சிகுர்துர் இங்வி கிறிஸ்டின்சன். ஆய்வுக்கென்று ஊர் ஊராக முகாம் போட்டு அலையவில்லை. சம்மதித்தவர் வேறு எதற்காவது ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்கோ சுகாதார நிலையத்துக்கோ வரும்போது கூடவே ஒரு குழாய் எடுத்துக்கொண்டார்கள். குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் கென்னிடாலா என்ற ஒரே அடையாள எண் இருப்பதால், புற்றுநோய்ப் பதிவேடு, மருந்துப் பதிவேடு, இறப்புப் பதிவேடு எல்லாவற்றையும் ஒரே ஆளோடு கோத்துவிடலாம். ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர்ப்பகுதியான சீரம் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உள்ள பைண்டிங் சைட் நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் போனது.

இதில் ரத்தம் எடுப்பதும் சோதிப்பதும் சுலபமான பாதி. கண்டுபிடித்தபின் என்ன செய்வது, அதற்கும் முன்னால் எதைக் 'கண்டுபிடிப்பு' என்று எண்ணுவது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. நம் ஊரிலும் முழு உடல் பரிசோதனைப் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. 'புரோட்டீன் எலெக்ட்ரோபோரசிஸையும் (ரத்தப் புரதங்களை மின்சாரத்தால் பிரித்துக் காட்டும் சோதனை) சேர்த்துக்கொள்ளலாமா?' என்று கேட்பவர்கள் இந்தச் சிக்கலான பாதியைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது.

எம் புரதம் என்றால்

எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் உட்கார்ந்து ஆன்டிபாடி தயாரிக்கின்றன. ஒவ்வொரு செல்வழியும் தனக்கென்று ஒரு வகை. எத்தனையோ வகைகள் கலந்து ஓடுவதுதான் ஆரோக்கியமான ரத்தம். அதில் ஒரே ஒரு செல் பெருகி, அதன் வாரிசுகள் எல்லாம் அச்சு அசலாக ஒரே ஆன்டிபாடியை இறக்க ஆரம்பித்தால், சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒருவர் மட்டும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூவுவது போல அது தனியாகத் தெரியும். அந்த ஒற்றைப் புரதம்தான் மோனோகுளோனல் புரதம். சுருக்கமாக எம் புரதம், கிராஃபில் எழும் முனைக்கு எம் ஸ்பைக்.

இதை வைத்திருப்பவர்களை 1960களில் ஸ்வீடனின் யான் வால்டன்ஸ்ட்ரோம் கவனித்து, தீங்கற்றது என்ற பொருளில் பெயர் சொன்னார். அதே நாட்டில் 1966இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, பெரியவர்கள் 6,995 பேரின் சீரத்தைப் பார்த்து 64 பேரிடம் எம் புரதம் கண்டது. பிறகு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ராபர்ட் கைல் 241 பேரைத் தொடர்ந்து கவனித்தார். சிலருக்குக் காலப்போக்கில் மைலோமா வந்தது. 'தீங்கற்றது' என்ற பெயர் பொய்யாகிவிட்டது. 1978இல் அவர் சூட்டிய பெயரின் பொருள், 'என்ன முக்கியத்துவம் என்று தீர்மானிக்கப்படாத மோனோகுளோனல் நிலை'. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் எம்ஜியூஎஸ். தெரியாததைத் தெரியாது என்று பெயரிலேயே எழுதி வைத்த நோய்ப்பெயர்கள் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

எம் புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழ், மஜ்ஜையில் பிளாஸ்மா செல் 10 சதவீதத்துக்குக் கீழ், உறுப்புச் சேதம் எதுவும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் எம்ஜியூஎஸ். புரதம் 3 கிராமைத் தொட்டாலோ, மஜ்ஜையில் 10 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தாலோ, சேதம் இல்லாதவரை அது 'ஸ்மோல்டரிங்' மைலோமா, கனன்றுகொண்டிருக்கும் நிலை. சேதம் என்பது கால்சியம் ஏறுதல், சிறுநீரகம் கெடுதல், ரத்தசோகை, எலும்பில் ஓட்டை. இந்த நான்கில் ஒன்று பிளாஸ்மா செல்லால் வந்திருந்தால் மைலோமா என்று சொல்லிச் சிகிச்சை தொடங்குவார்கள். சேதம் வராவிட்டாலும், மஜ்ஜையில் 60 சதவீதத்தை எட்டியது போன்ற சில அளவுகளை 2014 முதல் மைலோமாவாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

எத்தனை பேரிடம் இருக்கும்? மினசோட்டாவின் ஓம்ஸ்டெட் கவுன்டியில் ஐம்பது வயதைக் கடந்த 21,463 பேரைச் சோதித்து 2006இல் கைல் குழு வெளியிட்ட கணக்குதான் இன்றும் அடிப்படை: 3.2 சதவீதம். எழுபதைத் தாண்டினால் 5.3, எண்பத்தைந்தைத் தாண்டினால் 7.5. இது பெரும்பாலும் வெள்ளையர் வாழும் பகுதியின் கணக்கு. கானாவில் 50 முதல் 74 வயது ஆண்களைப் பார்த்தபோது 5.84 சதவீதம் வந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடமும், மைலோமா வந்தவர்களின் ரத்த உறவுகளிடமும் அதிகம். ஐஸ்லாந்தின் எண்ணை அப்படியே இன்னொரு மண்ணில் நட முடியாது என்பதற்கு இது போதும்.

எம்ஜியூஎஸ் மைலோமாவாகவோ அதன் பங்காளி நோய்களில் ஒன்றாகவோ மாறும் வேகம் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பதைக் கடந்த ஆயிரம் பேரைச் சோதித்தால் 32 பேர் சிக்குவார்கள். பத்தாண்டுக்குள் அதில் மூன்று பேருக்கு நோய் வரும். மற்ற 29 பேர் அந்தப் பத்தாண்டையும் 'வருமோ' என்று எண்ணிக்கொண்டு கழிப்பார்கள். பலர் இதயக் கோளாறிலோ முதுமையிலோ இறப்பார்கள், எம் புரதத்தால் அல்ல.

மறுபக்கமும் உண்டு. 77,469 பேர் பங்கேற்ற ஓர் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வில் பிற்பாடு மைலோமா வந்த 71 பேரின் பழைய சீரத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். 2009இல் வந்த முடிவு: நோய்க்கு இரண்டு ஆண்டு முன்பு எடுத்த சீரத்தில் எல்லோரிடமும் எம் புரதம் இருந்தது. எட்டு ஆண்டுக்கு மேல் பின்னால் போனாலும் 82 சதவீதம் பேரிடம் இருந்தது. மைலோமா ஒவ்வொன்றும் இந்த வழியாகத்தான் வருகிறது. ஆனால் இந்த வழியில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை நகர்வதே இல்லை. ஐஸ்லாந்து ஆய்வு பிறந்ததே இந்த முரணிலிருந்துதான்.

சோதனை எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது

மூன்று சோதனைகள் சேர்ந்தால்தான் தேடல் முழுமை: சீரம் புரோட்டீன் எலெக்ட்ரோபோரசிஸ், இம்யூனோஃபிக்சேஷன், ஃப்ரீ லைட் செயின். சாப்பிடாமல் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் எண்ணெய்ச் சோறு சாப்பிட்ட கையோடு எடுத்த ரத்தம் கலங்கலாக இருந்து லைட் செயின் அளவீட்டைக் கெடுக்கலாம்.

குழாய் முக்கியம். சிவப்பு மூடியோ மஞ்சள் மூடியோ போட்ட சீரம் குழாயில் எடுத்து, அரை மணி நேரம் முழுதாக உறைய விட்டு, பிறகு சுற்ற வேண்டும். அவசரத்தில் பாதி உறைந்ததைச் சுற்றினாலும், ஊதா மூடி இடிடிஏ குழாயில் எடுத்த பிளாஸ்மாவை அனுப்பினாலும் ரத்தத்தை உறைய வைக்கும் புரதமான ஃபைப்ரினோஜன் உள்ளேயே தங்கிவிடும். அது சோதனையில் பீட்டா, காமா என்று பெயரிட்ட இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கோடாக நின்று எம் புரதம் போலவே நடிக்கும். நலமாக இருந்த ஒருவர் ரத்தப் புற்றுநோய் மருத்துவரின் வாசலில் நிற்க இந்த ஒரு பிழை போதும். ரத்தம் உடைந்து சிவந்த சீரத்திலும் இதே கதைதான்: ஹீமோகுளோபினும் ஹாப்டோகுளோபினும் ஒட்டிக்கொண்டு ஆல்ஃபா 2, பீட்டா பக்கம் ஒரு பட்டையைக் காட்டும்.

எலெக்ட்ரோபோரசிஸில் சீரத்தை அகரோஸ் ஜெல்லில் சொட்டி, பிஎச் 8.6 அளவில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். ஆல்புமின் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு நேர்முனைக்கு ஓடும். ஆல்ஃபா 1, ஆல்ஃபா 2, பீட்டா வரிசையாகப் பின்னால் வரும். ஆன்டிபாடிகள் கடைசியில் காமா பகுதியில் தங்கும். பல வகை ஆன்டிபாடிகள் கலந்திருந்தால் அங்கே வட்டமான மேடு தெரியும். தொற்று, கல்லீரல் நோய், முடக்குவாதம், காசநோய் இருப்பவரிடம் அந்த மேடு உயர்ந்திருக்கும், ஆனாலும் அது மேடுதான். எம் புரதம் இருந்தால் மேட்டின் மேல் கோபுரக் கலசம் போல ஒரு கூர்முனை நிற்கும். இப்போது பல ஆய்வகங்கள் ஜெல்லுக்குப் பதில் நுண்குழாய் முறைக்கு மாறிவிட்டன. அதில் இன்னொரு பொறி இருக்கிறது: சிடி ஸ்கேனுக்காக அயோடின் சாயம் ஏற்றிய கையோடு ரத்தம் கொடுத்தால், அந்தச் சாயமே ஒரு முனையாகத் தெரியும். சாயம் வெளியேற நாள் கொடுத்துவிட்டு மறுபடி எடுப்பதே வழி.

கூர்முனை எப்போதும் காமாவில்தான் நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது. எம் புரதம் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகையாக இருந்தால் பலமுறை பீட்டா பகுதிக்குள் ஒளிந்துகொள்ளும். பீட்டா சற்றே பருத்திருப்பதைத் தவிர வேறு அடையாளம் இருக்காது. ஆனால் பருத்த பீட்டா என்றதும் ஐஜிஏ என்று முடிவு கட்டவும் முடியாது. இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடம் டிரான்ஸ்ஃபெரின் ஏறி பீட்டா 1 இப்படித்தான் பருக்கும். ரத்தசோகை இவ்வளவு சகஜமான நம் நாட்டில் ரிப்போர்ட் படிப்பவர் இதை மனத்தில் வைக்காவிட்டால், இரும்பு மாத்திரை வேண்டியவருக்கு மஜ்ஜைச் சோதனை எழுதி வைப்பார்.

சந்தேகத்தைத் தீர்ப்பது இம்யூனோஃபிக்சேஷன். ஒரே சீரத்தை ஆறு தடங்களில் ஓட்டி, முதல் தடத்தில் எல்லாப் புரதத்தையும் அப்படியே காட்டிவிட்டு, மற்ற ஐந்தில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், காப்பா, லாம்டா என்ற வகைகளில் ஒவ்வொன்றை மட்டும் பிடிக்கும் எதிர்சீரங்களை இடுவார்கள். ஒரு கன வகைத் தடத்திலும் (ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம்) ஒரு லைட் செயின் தடத்திலும் (காப்பா, லாம்டா) நேருக்கு நேராகக் கோடு விழுந்தால் அது உண்மையான எம் புரதம், 'ஐஜிஜி காப்பா' என்பது போலப் பெயரும் கிடைத்துவிடும். லைட் செயினில் மட்டும் கோடு விழுந்து கன வகை எதிலும் இல்லை என்றால் ஐஜிடி, ஐஜிஇ பார்க்காமல் ரிப்போர்ட்டை மூடக் கூடாது. கடுமையான தொற்றுக்குப் பிறகு சின்னச் சின்னக் கோடுகள் தோன்றி மறைவதும் உண்டு. காய்ச்சல் வந்து போன மாதத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் மங்கலாக ஒரு கோடு என்றால், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே முறை.

சிறுநீரில் நீட்டும் பட்டைக் குச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஆல்புமினுக்குத்தான் நிறம் மாறும். லைட் செயின் கொட்டிக்கொண்டிருந்தாலும் 'புரதம் இல்லை' என்றே சொல்லும். ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் 1840களில் லண்டனில் கண்டது இந்தப் புரதத்தைத்தான்: சூடாக்கினால் திரளும், கொதிக்கவிட்டால் கரைந்துபோகும், ஆறினால் மறுபடி திரளும். அதைப் பிடிக்க 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து எலெக்ட்ரோபோரசிஸ் செய்ய வேண்டும்.

காப்பா, லாம்டா: எல்லையை எங்கே போடுவது

ஐஸ்லாந்து ஆய்வு இதுவரை கற்றுத்தந்ததில் ஆகப் பெரியது, என் கணக்கில், இந்த இடம்தான்.

ஆன்டிபாடி ஒவ்வொன்றிலும் கனமான சங்கிலி இரண்டு, லேசான சங்கிலி இரண்டு. செல்கள் லேசான சங்கிலியைக் கொஞ்சம் அதிகமாகவே செய்து வெளியே விடுகின்றன. கன சங்கிலியோடு சேராமல் தனியாகத் திரியும் இவைதான் ஃப்ரீ லைட் செயின். காப்பா, லாம்டா என்று இரண்டு வகை. ஒரு செல்வழி பெருத்துவிட்டால் ஒரு வகை மட்டும் ஏறும், இரண்டுக்குமான விகிதம் சாயும். பர்மிங்காமில் உருவான இந்தச் சோதனைக்கு 2002இல் 282 பேரை வைத்து நார்மல் எல்லை போட்டார்கள்: காப்பா லிட்டருக்கு 3.3 முதல் 19.4 மில்லிகிராம், லாம்டா 5.7 முதல் 26.3, விகிதம் 0.26 முதல் 1.65. இன்றும் நம் ஊர் ரிப்போர்ட்டுகளில் பக்கவாட்டில் அச்சாகும் எண்கள் பெரும்பாலும் இவைதான்.

சிறுநீரகம்தான் இந்த இரண்டையும் வெளியேற்றுகிறது. காப்பா தனித்தனியாகத் திரியும் சிறிய மூலக்கூறு, சீக்கிரம் வடிகட்டப்படும். லாம்டா பெரும்பாலும் ஜோடியாக ஒட்டியிருப்பதால் மெதுவாகத்தான் போகும். உற்பத்தியில் காப்பா அதிகம் என்றாலும் ரத்தத்தில் லாம்டா சற்றே மிஞ்சி நிற்பதற்கு இதுவே காரணம். வயதாகிச் சிறுநீரகம் தளர்ந்தால் காப்பாவுக்கு இருந்த அந்தச் சலுகை போய்விடும், விகிதம் ஏறும். அங்கே எந்த செல்லும் பெருகவில்லை, வடிகால் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

282 பேரை வைத்துப் போட்ட கோட்டை எழுபத்தையாயிரம் பேர் மேல் வைத்துப் பார்க்க ஐஸ்லாந்துக்கு வாய்ப்புக் கிடைத்தது. சிறுநீரகம் சரியாக உள்ள 41,882 பேரை எடுத்து எல்லையைப் புதிதாகக் கணக்கிட்டார்கள். எழுபது வயதுக்குக் கீழ் விகிதம் 0.44 முதல் 2.16 வரை நார்மல். எழுபதிலிருந்து 0.46 முதல் 2.59 வரை நார்மல். பழைய எல்லைப்படி நூற்றுக்கு 1.54 பேருக்கு 'லைட் செயின் எம்ஜியூஎஸ்' இருந்தது. புதிய எல்லையை வைத்ததும் அது 0.27 ஆனது. 82 சதவீதம் பேருக்கு நோய்ப்பெயர் ஒரே நாளில் கழன்று விழுந்தது, மருந்து இல்லாமல், ஊசி இல்லாமல்.

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குத் தனி அட்டவணை போட்டார்கள். இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் அளவு) 45 முதல் 59 வரை உள்ளவருக்கு விகிதம் 0.46 முதல் 2.62. 30 முதல் 44 வரை என்றால் 0.48 முதல் 3.38. 30க்குக் கீழே 0.54 முதல் 3.30. சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்த அறுபத்தெட்டு வயதுக்காரரின் ரிப்போர்ட்டில் விகிதம் 2.3 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கலாம். பக்கத்தில் கிரியாட்டினின் என்ன, இஜிஎஃப்ஆர் என்ன என்று பார்க்காமல் அந்த எண்ணை மட்டும் கூகிளில் தேடினால் அந்த வீட்டில் யாருக்கும் அன்று தூக்கம் வராது.

கருவியும் ஒரு பிரச்சினை. 'ஃப்ரீலைட்' என்பது ஓர் அளவீட்டு முறை, 'என் லேடெக்ஸ்' என்பது இன்னொன்று. ஒரே சீரத்துக்கு இரண்டும் வேறு வேறு எண் தரும். ஒன்றின் எல்லையை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவது முழத்தையும் அடியையும் குழப்புவது போல. மேலே சொன்ன ஐஸ்லாந்து எல்லைகள் ஃப்ரீலைட்டுக்கு. மற்றொன்று அலகு: சில இடங்களில் லிட்டருக்கு மில்லிகிராம், சில இடங்களில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். பத்து மடங்கு ஏறிவிட்டது என்ற பதற்றத்துக்குப் பின்னால் சில சமயம் அலகு மட்டுமே மாறியிருக்கும். அளவு மிக மிக அதிகமாக இருக்கும்போது எதிர்சீரம் போதாமல் கருவி குறைவாகக் காட்டுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் சீரத்தை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டச் சொல்ல வேண்டும்.

சிக்கிவிட்டால்?

எல்லோருக்கும் ஒரே பாதை இல்லை. மேயோ குழு 2005இல் கொடுத்த மூன்று கேள்விகள் இன்றும் கைகொடுக்கின்றன. எம் புரதம் 1.5 கிராமோ அதற்கு மேலோ? ஐஜிஜி அல்லாத வகையா? லைட் செயின் விகிதம் நார்மலைத் தாண்டியதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் இருபது ஆண்டில் மாறும் வாய்ப்பு 5 சதவீதம். அதற்குள் வேறு காரணத்தால் இறப்பவர்களையும் கணக்கில் எடுத்தால் 2 சதவீதம்தான். ஒன்றுக்கு 'ஆம்' என்றால் 21, இரண்டுக்கு 37, மூன்றுக்கும் 'ஆம்' என்றால் 58.

இரண்டு சதவீதக்காரரின் இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுப்பதில் அர்த்தம் இல்லை என்பது வழக்கமான நிலைப்பாடு. ஆனால் யாரைக் குத்துவது, யாரை விடுவது என்பதற்கு நல்ல அளவுகோல் இல்லாமல் இருந்தது. ஐஸ்லாந்தில் மஜ்ஜை எடுத்த 1,043 பேரின் விவரத்தை வைத்து 2024இல் ஒரு கணிப்பு முறை வெளியானது. எம் புரதத்தின் வகை, அதன் அளவு, லைட் செயின் விகிதம், ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் மொத்த அளவுகள் ஆகியவற்றைக் கொடுத்தால், மஜ்ஜையில் பிளாஸ்மா செல் 10 சதவீதத்தைத் தாண்டியிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும். கணித்த வாய்ப்பு 10 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களை மட்டும் குத்துவது என்று வைத்தால், தாண்டியவர்களில் 86 சதவீதம் பேரைப் பிடிக்கும், தாண்டாதவர்களில் 63 சதவீதம் பேரை ஊசியிலிருந்து காப்பாற்றும். எல்லாமே ஏற்கெனவே எடுத்த ரத்தத்திலிருந்து வரும் எண்கள், கூடுதல் செலவு இல்லை.

கனன்றுகொண்டிருக்கும் நிலை நாற்பதைத் தாண்டியவர்களில் 0.53 சதவீதம் என்று அதே ஆய்வு 2023இல் சொன்னது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கு நடுத்தர அல்லது உயர் ஆபத்து. இந்த எண்ணுக்கு இப்போது முன்னைவிட எடை கூடியிருக்கிறது. உயர் ஆபத்துள்ள 390 பேரைக் கொண்டு நடந்த அக்விலா பரிசோதனையில், மைலோமா மருந்தான டாராட்டுமுமாப் ஊசி போட்டவர்களில் 63.1 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுவரை நோய் முற்றாமல் இருந்தார்கள். சும்மா கவனித்துவந்த குழுவில் அது 40.8. முன்கூட்டிக் கண்டால் செய்வதற்கு ஏதாவது இருந்தால்தான் முன்கூட்டித் தேடுவதற்கு நியாயம் பிறக்கும்.

ஆனாலும் 'முன்கூட்டிக் கண்டதால் நீண்ட நாள் வாழ்ந்தார்' என்பதை நிரூபிப்பது லேசு இல்லை. எழுபது வயதில் முதுகெலும்பு நொறுங்கி மைலோமா என்று தெரிந்து, எழுபத்தாறில் இறப்பவர் 'ஆறு ஆண்டு பிழைத்தவர்'. அவரையே அறுபத்தாறில் ஸ்கிரீனிங்கில் பிடித்து, அதே எழுபத்தாறில் இறந்தால் 'பத்து ஆண்டு பிழைத்தவர்'. ஆயுளில் ஒரு நாளும் கூடவில்லை, நோயாளியாக வாழ்ந்த காலம்தான் நான்கு ஆண்டு கூடியது. இந்த மாயையை விலக்கத்தான் ஐஸ்லாந்தில் எம்ஜியூஎஸ் உள்ளவர்களைச் சீட்டுக் குலுக்குவது போல மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இப்போதுள்ள வழிகாட்டுதல்படி கவனிப்பு. ஒரு பிரிவுக்கு ஆபத்து குறைவோ அதிகமோ எல்லோருக்கும் மஜ்ஜை, குறைந்த கதிர்வீச்சு சிடி என்று தீவிரக் கவனிப்பு. மூன்றாவது பிரிவிடம் எதுவும் சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்டுச் சொல்லாமல் இருப்பதா என்று நமக்குச் சுருக்கென்று தைக்கும். சம்மதப் படிவத்திலேயே அதை எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வழக்கமான வாழ்க்கையில் யாரும் இதைத் தேடுவதில்லை என்பதால், சொல்லாத பிரிவு இன்றைய உலகத்தின் நிழல். அந்த நிழல் இல்லாமல் ஒப்பிட எதுவும் கிடையாது. மனச்சோர்வையும் பதற்றத்தையும் அளக்கும் கேள்வித்தாள்களையும் இடையிடையே கொடுத்துவருகிறார்கள், தேடலால் வரும் கெடுதலும் கணக்கில் ஏற வேண்டும் என்று.

நம் ஊர் ரிப்போர்ட்டில்

நலமாக உள்ள எல்லோரையும் எம் புரதத்துக்காகச் சோதியுங்கள் என்று சொல்லும் வழிகாட்டுதல் இன்று எந்த நாட்டிலும் நடைமுறையில் இல்லை. பெற்றோரிலோ உடன்பிறந்தாரிலோ இருவருக்கு மைலோமா வந்திருந்தால் மருத்துவரோடு பேசிப் பார்ப்பதில் நியாயம் உண்டு. காரணம் தெரியாத ரத்தசோகை, விளங்காத சிறுநீரகக் கோளாறு, மாதக்கணக்கில் தொடரும் முதுகு எலும்பு வலி, லேசான அடிக்கே முறியும் எலும்பு, பாதத்தில் ஏறிவரும் மரமரப்பு, சிறுநீரில் அடங்காத நுரை, 100ஐத் தாண்டிய ஈஎஸ்ஆர். இவை இருப்பவருக்குச் செய்வது ஸ்கிரீனிங் அல்ல, நோயறிதல். அங்கே தயங்கவே கூடாது.

முழு உடல் பரிசோதனையில் ஏற்கெனவே ஒரு தடயம் இருக்கிறது, பலர் பார்ப்பதில்லை. மொத்தப் புரதத்திலிருந்து ஆல்புமினைக் கழித்தால் வருவது குளோபுலின். அது 4 கிராமைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் அது நாள்பட்ட தொற்றோ கல்லீரலோ வாத நோயோதான், எலெக்ட்ரோபோரசிஸில் அந்த வட்ட மேடு தெரிந்து விஷயம் முடியும். 2 கிராமுக்குக் கீழே இறங்கினாலும் கவனிக்க வேண்டும்: லைட் செயின் மட்டும் கொட்டும் மைலோமாவில் மற்ற ஆன்டிபாடிகள் அமுங்கிப்போய்க் குளோபுலின் குறையும், மொத்தப் புரதம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆகவே ஏ/ஜி (ஆல்புமின், குளோபுலின்) விகிதம் நார்மல் என்பது முழு விடுதலைப் பத்திரம் அல்ல.

எம் புரதம் உறுதியானால் ஆறு மாதத்தில் ஒருமுறை மறுசோதனை. நிலையாக இருந்து ஆபத்தும் குறைவு என்றால் அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும், மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை. கூடவே ஹீமோகுளோபின், கால்சியம், கிரியாட்டினின். இவர்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால் எலும்பு அடர்த்தியைப் பார்த்துக்கொள்வது நல்லது. புதிதாக மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது அறிவிக்க வேண்டிய ஒரு பெயர் தலைமேல் ஏறிவிட்டது என்பதையும் சோதனைக்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகம், ஒரே கருவி. எம் ஸ்பைக்கின் அடியில் கோட்டை எங்கே போட்டு அளப்பது என்பதே ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். செங்குத்தாக இறக்கினால் ஓர் எண், சரிவாகச் சீவினால் வேறு எண். ஓரிடத்தில் 0.6 ஆக இருந்தது இன்னோரிடத்தில் 0.9 ஆனால் அது வளர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. முதல் ரிப்போர்ட்டை, அந்த கிராஃபோடு, அச்சிட்ட தாளாகவே பத்திரப்படுத்துங்கள். எண்ணை மட்டும் செல்போனில் படம் பிடித்து வைத்தால் இரண்டாவது முறை மருத்துவர் கேட்பது அந்த கிராஃபைத்தான்.